ஜிலேபி ஜன்னல்

ஒரு ஊர்ல ஒரு ஜன்னல் இருந்துச்சாம்.

என்ன சிரிப்பு? எப்பப் பாரு ராஜாவும் ராணியுமேவா இருப்பாங்க? இந்த ஊர்ல ஜன்னல்தான் இருந்துச்சு. காலை நீட்டிப் படு. போர்வையை இழுத்துக்கோ. நான் சொல்லச் சொல்ல நீ "ம்" போடணும். நீ ம் போடலேன்னா கதைக்குக் கால் வலிக்கும், அங்கேயே உக்காந்துக்கும். அப்புறம் என்னைக் கேட்கக் கூடாது.

"ம்."

ஆங், அப்படி.

அந்த ஜன்னல் தெய்வானை வீட்டு ஜன்னல். தெய்வானைன்னா யாரு? துணி தைக்கிறவ. அவ மிஷின்ல உக்காந்தா கட கட கட கடன்னு அந்தத் தெருவுக்கே கேட்கும். கைவேலை அவ்வளவு சுத்தம். ஆனா வீடு இருக்கே, அது பட்டப்பகல்லயும் கும்மிருட்டு. ஊசி கோக்கணும்னா தெருவுக்கு ஓடி வரணும். ஒரு தடவை பச்சை நூல்னு நினைச்சுக் கறுப்பு நூலைப் போட்டுட்டா. இன்னொரு தடவை ஒரு அம்மாவோட ரவிக்கையில கையை உள்ள விட வழியே இல்லாம கைமுனையைச் சேர்த்துத் தைச்சுட்டா! அந்த அம்மா போட்டுப் பாத்துட்டு, "ஏம்மா தெய்வானை, நான் ரவிக்கை கேட்டேனா, ரெண்டு சுருக்குப்பை கேட்டேனா?"ன்னாங்களாம்.

சிரி, சிரி. தெய்வானை அன்னைக்கு அழுதுட்டா தெரியுமா? கண்ணும் எரிஞ்சுது, மனசும் எரிஞ்சுது. "எனக்கு நகை வேணாம், பட்டு வேணாம். கொஞ்சம் வெளிச்சம் மட்டும் வேணும்"னு புருஷன்கிட்ட சொன்னா.

அவ புருஷன் பேரு மாரப்பன். வேன் ஓட்டிச் சாமான் ஏத்தி இறக்குறவன். அவன் நல்ல மனுஷன்தான், ஆனா எதையும் அளந்து பாத்துச் செய்ற பழக்கம் கிடையாது. அந்த ஊர் மிட்டாய்க் கடைக்காரர் பழைய கடையை இடிச்சாரா, முன்பக்கக் கண்ணாடியை என்ன பண்றதுன்னு முழிச்சாரா, "எனக்குக் குடுங்கண்ணே"ன்னு இவன் அதை ரெண்டு மெத்தைக்கு நடுவுல வச்சுக் கட்டி வீட்டுக்குக் கொண்டு வந்துட்டான். அது எவ்வளவு பெருசுங்கிற? பக்கத்துச் சுவர்ல முக்கால்வாசியை இடிச்சாத்தான் அது உள்ளயே போகும்! இடிச்சாங்க. வச்சாங்க. குபீர்னு வெளிச்சம் உள்ள வந்துச்சு பாரு, பரண் மேல இருந்த பல்லிக்கே கண்ணு கூசிப்போச்சு.

ஒண்ணே ஒண்ணுதான் குறை. மிட்டாய்க் கடைக் கண்ணாடி இல்லையா, வெளிப்பக்கம் சிவப்புப் பெயிண்ட்ல எழுத்து இருந்துச்சு. லட்டு, மைசூர்பாகு, ஜிலேபி. சரக் சரக்னு சுரண்டினாங்க. லட்டு போச்சு. மைசூர்பாகு போச்சு. கீழ் மூலையில இருந்த ஜிலேபி மட்டும் போகவே இல்ல. எழுத்தும் போகல, பக்கத்துல சுத்திச் சுத்தி வரைஞ்சிருந்த படமும் போகல.

என்னது? உனக்கு ஜிலேபி வேணுமா? இந்நேரத்துக்கா? பல்லு தேய்ச்சாச்சுல்ல, வாயை மூடு. ம் சொல்றதுக்கு மட்டும் திற.

"ம்."

அப்புறம் அந்த வீட்டுல இன்னும் ரெண்டு பேர். ஒண்ணு, தெய்வானையோட பொண்ணு பவளம். உன் உசரம்தான் இருப்பா, உன் வாய்தான் அவளுக்கும். இன்னொண்ணு, மாரப்பனோட அக்கா நாச்சியம்மா. பவளத்துக்கு அத்தை. நாச்சியம்மாவுக்கு வாய் கொஞ்சம் காரம், மனசு வெல்லம். அவதான் அந்த வீட்டுத் துணியெல்லாம் காயப்போடுவா. அதுக்குன்னு பின்னால ஒரு கம்பி கட்டியிருந்தா.

அந்தக் கம்பியில ஒரு நாள் ஒரு தேன்சிட்டு வந்து கூடு கட்டிடுச்சு! நாரும் சிலந்தி நூலும் வச்சுப் பின்னி, தொங்கத் தொங்க ஒரு கூடு. உன் கட்டை விரல் அளவுதான் இருக்கும் அந்தச் சிட்டு, மஞ்சள் வயிறு. அன்னையிலேருந்து நாச்சியம்மா அந்தக் கம்பியில ஒரு துணி போட விடல. "கம்பி ஆடினா முட்டை உருளும்"னுட்டா. துணியெல்லாம் வேலிமேல காஞ்சுது. மழை மூட்டமா இருந்தா அதுவும் இல்ல. மாரப்பன் ஈர வேட்டியைக் கட்டிக்கிட்டு வேன் ஓட்டினான். "ஏன்க்கா, நான் பெருசா, குருவி பெருசா?"ன்னு கேட்டான். அவ யோசிக்கவே இல்ல. "நீ பெருசு. அதனாலதான் நீ ஈரத்தைத் தாங்கிக்குவே"ன்னா.

அப்புறம் முட்டை பொரிஞ்சுது. கீச் கீச் கீச்னு குஞ்சுங்க கத்த ஆரம்பிச்சுதுங்க. அம்மா சிட்டு விர்ருன்னு போகும், புழுவைக் கொத்திக்கிட்டு விர்ருன்னு வரும்.

அப்போதான் வந்துச்சு வினை.

அந்தப் பெரிய கண்ணாடிக்கு எதிர்ல ஒரு முருங்கை மரம். பகல்ல வெளியில நின்னு பாத்தா கண்ணாடி தெரியாது, கண்ணாடிக்குள்ள முருங்கை மரம்தான் தெரியும். பூ, இலை, வானம் எல்லாம். குருவிக்கு என்ன தெரியும் பாவம்? நிஜ மரம்னு நினைச்சு ஒரே பறத்தல். விர்ர்ர்ர்...

டங்!

பொத்துனு கீழ விழுந்துச்சு.

பயப்படாதே, சாகல. நாச்சியம்மா ஓடிவந்து அதைக் கையில ஏந்தி, கூடைக்குள்ள நிழல்ல வச்சா. கொஞ்ச நேரம் கழிச்சுக் கண்ணு முழிச்சுப் பறந்துபோச்சு. ஆனா மறுநாளும் டங். அதுக்கு மறுநாளும் டங். தெய்வானை உள்ள தைச்சுக்கிட்டு இருப்பா, ஒவ்வொரு டங்குக்கும் அவ காலு மிஷின்ல நின்னுடும்.

நாச்சியம்மா வந்து நின்னா. "தெய்வானை, உனக்கு வெளிச்சம் வேணும், நான் இல்லேங்கல. அந்தக் குஞ்சுங்களுக்கு அம்மா வேணுமே, அதுக்கு என்ன சொல்றே?"

தெய்வானை ஜன்னலைத் திரும்பிப் பாத்தா. எத்தனை வருஷம் இருட்டுல கிடந்து வந்த வெளிச்சம்! ஆனா உள்ள உக்காந்து தைக்கும்போது கீச் கீச்னு குஞ்சுங்க கத்துறதும் அவளுக்குத்தானே கேக்குது?

"அண்ணி, கொஞ்சம் பொறுங்க. ஏதாச்சும் பண்ணிப் பாக்கறோம்"னா.

"பண்ணு. இன்னொரு தடவை அது விழுந்தா கொத்தனாரைக் கூப்பிட்டுச் செங்கல் வச்சு அடைச்சுடுவேன். ஆமா."

ம் எங்க?

"ம்."

அப்போ பவளம் சொன்னா, "அம்மா, ஜன்னலை ஜோடிச்சுடலாம்! கண்ணாடி இருக்குன்னு குருவிக்குத் தெரிஞ்சா போதும்ல?" பழைய காலண்டர் தாளையெல்லாம் எடுத்தா. கத்தரிக்கோல் கிறுச் கிறுச். பூவு வெட்டினா, நிலா வெட்டினா, யானைன்னு ஒண்ணு வெட்டினா. அது பாக்கறதுக்குப் பூசணிக்கா மாதிரிதான் இருந்துச்சு, நாம சொல்லக்கூடாது. பீட்ரூட்டை அரைச்சு ரோஸ் கலரு, மஞ்சளைக் கரைச்சு மஞ்சக் கலரு, முருங்கை இலையைக் கசக்கிப் பச்சைக் கலரு. சோத்துக் கஞ்சியில பசை. எல்லாத்தையும் உள்பக்கமா ஒட்டினா. "வெளியில ஒட்டினா சாயம் வெளுத்துடும்ல?"ன்னா, பெரிய மனுஷி.

உள்ளேருந்து பாத்தா என்ன அழகுங்கிற! வீடே திருவிழாவா இருந்துச்சு. கஞ்சிப் பசை வாசத்துக்கு எறும்பெல்லாம் சாரை சாரையா விருந்துக்கு வந்துடுச்சு. ஆனா வெளியில? வெளியிலேருந்து பாத்தா அதே முருங்கை மரம், அதே வானம். ஒரு பூவும் தெரியல, பூசணிக்காயும் தெரியல, தப்பு தப்பு, யானையும் தெரியல.

விர்ர்ர்ர்... டங்!

பவளம் மூஞ்சி தொங்கிப்போச்சு. சிட்டு கிறுகிறுத்துப்போய் வேலியில உக்காந்துடுச்சு. விழல. அதனால நாச்சியம்மா பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பொறுத்துக்கிட்டா.

அப்புறம் மாரப்பன் கிளம்பினான். "தள்ளுங்க, தள்ளுங்க. இதெல்லாம் ஆம்பளை செய்ற வேலை"ன்னான். பனங்குருத்து வெட்டிட்டு வந்தான். அவனுக்கு ஓலையில கிளி பின்னத் தெரியும், அதை ஒத்துக்கணும். சர்ரக் சர்ரக்னு ஓலையைக் கிழிச்சு, மடிச்சு, சொருகி, தொங்கத் தொங்கத் தோரணம் கட்டிட்டான். இந்தத் தடவை வெளிப்பக்கம். காத்து அடிச்சா சலசலசலன்னு ஒரே சத்தம். தெருவுல போறவங்க நின்னு, "என்ன மாரப்பா, வீட்டுல விசேஷமா?"ன்னு கேட்டாங்க. அவனும் நெஞ்சை நிமிர்த்திக்கிட்டு நின்னான்.

ஆனா பாரு, தோரணத்தை எங்க கட்டுவாங்க? மேல. அவனும் மேலதான் கட்டினான். தோரணம் கட்டின வீட்டுக்குள்ள எல்லாரும் எப்படி வருவாங்க?

"கீழ."

கெட்டிக்காரி! தோரணத்துக்குக் கீழதானே வருவாங்க? குருவியும் மரியாதையாக் கீழ குனிஞ்சு வந்துச்சு.

விர்ர்ர்ர்... டங்! பொத்.

இந்தத் தடவை ரொம்ப நேரம் அது கண்ணே முழிக்கல. நாச்சியம்மா உள்ளங்கையில வச்சுக்கிட்டு உக்காந்தே இருந்தா. கூட்டுலேருந்து குஞ்சுங்க கத்துதுங்க, கீச், கீச், கீச். தெய்வானை பக்கத்துல போய் நின்னா. அவளுக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. "முழிச்சுக்கோ சாமி, முழிச்சுக்கோ"ன்னு வேண்டிக்கிட்டா. கடைசியா மெல்ல ஒரு றெக்கை அசைஞ்சுது. அப்புறம் இன்னொண்ணு. எழுந்து உக்காந்துச்சு, பறந்துச்சு.

நாச்சியம்மா எழுந்து தம்பியைக் கூப்பிட்டா. "மாரப்பா, நாளைக்குச் சடையப்பன் கொத்தனாரை வரச் சொல்லு."

தெய்வானை தலையைக் குனிஞ்சுக்கிட்டா. "சொல்லிடுங்க"ன்னு அவளே சொல்லிட்டா. சொல்லிட்டு உள்ள போய், வெளிச்சம் இருக்கிற வரைக்கும் தைப்போம்னு மிஷின்ல உக்காந்தா. அந்தத் தோரணத்தை என்ன பண்ணாங்க தெரியுமா? ஒண்ணும் பண்ண வேண்டி வரல. பக்கத்து வீட்டு ஆடு வந்து, முன்னங்காலைச் சுவர்ல ஊனி நிமிர்ந்து, மொறுக் மொறுக்னு கிளி கிளியாத் தின்னுட்டுப் போயிடுச்சு.

தூங்கிட்டியா?

"ம்ஹூம்."

ம்ஹூம் ஒண்ணும் வேணாம், ம் போதும்.

மறுநாள் காலையில சடையப்பன் கொத்தனார் செங்கல்லைக் கொண்டாந்து தடதடன்னு இறக்கிட்டார். ஜன்னலுக்குக் கீழயே அடுக்கிட்டார். சிமெண்டு குழைக்கத் தண்ணி கேட்டார். தெய்வானை சொம்பை எடுத்துக்கிட்டு வெளியில வந்தா. அங்க நாச்சியம்மா ஜன்னலைப் பாத்துக்கிட்டே நின்னா. அவளுக்கும் மனசு கேக்கல போல.

"ஒண்ணு மட்டும் எனக்குப் புரியலடி. தினம் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். அந்தக் குருவி மேல முட்டுது, நடுவுல முட்டுது. இந்த ஜிலேபிகிட்ட வந்தா மட்டும் சட்டுனு திரும்பிடுது"ன்னா.

மாரப்பன் சொன்னான், "அதுக்குப் படிக்கத் தெரியும்போல. சக்கரை வியாதி இருக்கும், ஜிலேபின்னதும் ஒதுங்கிடுது!"

எல்லாரும் சிரிச்சாங்க. தெய்வானை சிரிக்கல. சொம்பைக் கீழ வச்சா. கிட்டப் போய் அந்த ஜிலேபியைப் பாத்தா. சுத்திச் சுத்தி, வளைஞ்சு வளைஞ்சு, ஒரு கோடு. வெளிப்பக்கத்துல. பாத்தாளா... அப்படியே திரும்பித் தன் வீட்டு வாசலைப் பாத்தா. காலையில அவ போட்ட கோலம் அங்க இருந்துச்சு. அதுவும் சுத்திச் சுத்தி, வளைஞ்சு வளைஞ்சு.

"அண்ணி! இதுல கோலம் போட்டுடலாம்!"

"என்னது? ஜன்னல்லயா?"

"நமக்குத்தான் இது ஜன்னல் அண்ணி. அந்தக் குருவிக்கு இது வாசல். வர்றவங்க எந்தப் பக்கம் வர்றாங்களோ அந்தப் பக்கம்தானே கோலம் போடுவோம்? வீட்டுக்குள்ள உக்காந்து நாம பாக்கறதுக்காகவா போடுறோம்?"

நாச்சியம்மா இடுப்புல கையை வச்சா. விட்டுடுவாளா அவ? "அடி போடி! கோலம் போட்டா வாங்கன்னு அர்த்தம். ஏற்கெனவே வந்து முட்டுது, நீ வேற வெத்தலை பாக்கு வச்சுக் கூப்பிடுறியா?"

நியாயமான கேள்விதானே? அப்போ கொத்தனார் கீழ இருந்த சொம்புக்குக் கை நீட்டினார். கையை நீட்டினவர் எங்க நின்னார்? வாசக் கோலத்து ஓரத்துல. கோலத்தைத் தாண்ட மனசில்லாம, ஒரு காலைத் தூக்கி, கொக்கு மாதிரி நின்னுக்கிட்டு எட்டி எட்டி நீட்டினார்.

"பாருங்க அண்ணி! போட்ட கோலத்தை யாராச்சும் மிதிப்பாங்களா? சுத்திக்கிட்டுத்தானே போவாங்க?"

நாச்சியம்மா கொத்தனார் காலைப் பாத்தா. ஜன்னலைப் பாத்தா. கூட்டைப் பாத்தா. இடுப்புலேருந்து கையை எடுத்துட்டா.

"பச்சரிசி ஊறப்போடுடி"ன்னா.

அப்புறம் என்ன! பச்சரிசியை ஊறவச்சு, கரகர கரகரன்னு அரைச்சு, கண்ணாடியில நிக்கணும்னு கொஞ்சம் சுண்ணாம்பைக் கலந்தாங்க. இன்னொரு கிண்ணத்துல செங்காவி. செங்கல் அடுக்கியிருந்துச்சே, அது மேல ஏறி நின்னுக்கிட்டாங்க. மேல தெய்வானை, நடுவுல நாச்சியம்மா, கீழ பவளம். மாரப்பன் குச்சியில துணி சுத்திக்கிட்டு எட்டாத இடமெல்லாம் எனக்குன்னான். தெய்வானை ஒரு சாண் விட்டு ஒரு புள்ளி வச்சா.

"எவ்வளவு சந்து விடுறே! வர்றது குருவிடி, எருமை இல்ல. ரெண்டு விரல்கடை விடு போதும்"னா நாச்சியம்மா.

ரெண்டு விரலுக்கு ஒரு புள்ளி. புள்ளி, புள்ளி, புள்ளி. மாரப்பன் வச்ச புள்ளி ஒவ்வொண்ணும் இட்லி அளவு. "தம்பி, புள்ளி வைக்கிறியா, தோசை ஊத்துறியா?"ன்னு நாச்சியம்மா கேட்டா. பவளம் மூக்குலயும் ஒரு புள்ளி, கன்னத்துலயும் ஒரு புள்ளி. சடையப்பன் கொத்தனார் பாத்துக்கிட்டே இருந்தார், அவருக்குக் கை சும்மா இருக்க மாட்டேன்னுச்சு. "ஓரத்துக்குக் காவி நான் அடிக்கட்டுமா?"ன்னு கேட்டார். நூல் பிடிச்சாப்ல இழுத்தார் பாரு, கொத்தனார் கையில்லையா!

கண்ணாடி முழுக்கக் கோலம். கோலத்தோட கோலமா, அந்தக் கீழ் மூலையில, ஜிலேபி. அதைச் சுத்தியும் வளைச்சுக் கோடு இழுத்துட்டாங்க.

அப்புறம் எல்லாரும் வேலியோரமா ஒதுங்கி உக்காந்தாங்க. கொத்தனார் கரண்டியை மடியில வச்சுக்கிட்டு உக்காந்தார். இப்போ குருவி முட்டுச்சுன்னா செங்கல்தான், வேற வழியே இல்ல. தெய்வானை முந்தானையை வாயில வச்சுக் கடிச்சுக்கிட்டா.

கூட்டுல குஞ்சுங்க கீச்சுன்னுச்சு.

அம்மா சிட்டு வெளிய வந்துச்சு. கம்பியில உக்காந்து இப்படிப் பாத்துச்சு, அப்படிப் பாத்துச்சு. கிளம்புச்சு.

விர்ர்ர்ர்ர்ர்...

நேரா ஜன்னலுக்கு.

விர்ர்ர்ர்ர்ர்...

பவளம் கண்ணைப் பொத்திக்கிட்டா. விர்ர்ர்ர்ர்ர்...

டங்கு கேட்கல!

நீயும் கண்ணைத் திற, பரவாயில்ல, டங்கு கேட்கல! கோலத்துக்கிட்ட வந்துச்சு, வந்ததும் படக்குனு வாலை விரிச்சு, ஒரு பக்கமாச் சாஞ்சு, சுத்திக்கிட்டுப் போய் நிஜ முருங்கையிலே, நிஜப் பூ மேலே உக்காந்துச்சு!

"ஏ!"ன்னு பவளம் குதிச்சா. மாரப்பன் விசில் அடிச்சான். நாச்சியம்மா மட்டும் எழுந்து மரத்துக்குக் கீழ போனா. அண்ணாந்து பாத்தா. அவ கண்ணுல தண்ணி. ஆனா வாய் காரமாச்சே, சும்மா இருக்குமா?

"பரவாயில்லடி. உங்கம்மா உன்னை நல்லாத்தான் வளத்திருக்கா. கோலத்தை மிதிக்காம போறியே"ன்னா.

தெய்வானை ஓடிப்போய் அவ தோளைக் கட்டிக்கிட்டா. "அண்ணி, என் ஜன்னலு அண்ணி"ன்னு சொல்லிச் சொல்லி அழுதா, சிரிச்சா. ரெண்டும் ஒண்ணாத்தான் வந்துச்சு.

அப்புறம் உள்ள போனா பாரு, வெளிச்சம் கோலத்து வழியா வந்து அவ தைக்க வச்சிருந்த வெள்ளைத் துணி மேல விழுந்து, துணி முழுக்க நிழல் நிழலாப் புள்ளி. பவளம் எட்டிப் பாத்தா. "அம்மா, எனக்கு இதே மாதிரிப் புள்ளிப் பாவாடை"ன்னா. கட கட கட கடன்னு மிஷின் ஓடுச்சு.

"மழை வந்தா?"

ம்னு சொல்லச் சொன்னா கேள்வி கேக்குறியா! நல்ல கேள்விதான். மழை வந்தா கோலம் அழியும். அழிஞ்சா என்ன? வாசக் கோலமும்தான் அழியுது, மறுபடி போடுறதில்லையா? வெள்ளிக்கிழமை வந்தா நாலு பேரும் மாவைக் கரைச்சுக்கிட்டு ஜன்னல்கிட்ட வந்துடுவாங்க. செங்கல்லைக் கொத்தனார் திருப்பி எடுத்துட்டுப் போகல. ஜன்னலுக்குக் கீழ அப்படியே பூசிப் படியாக் கட்டிக் குடுத்துட்டார். நாச்சியம்மாவுக்கு ஏறி நிக்க வசதியா இருக்கட்டும்னு.

அப்புறம் ஒரு நாள் காலையில அந்தப் படி மேல எல்லாரும் நின்னு புள்ளி வச்சுக்கிட்டு இருக்காங்க, பின்னால கம்பி லேசா ஆடுச்சு. திரும்பிப் பாத்தாங்க. ஒரு குஞ்சு கூட்டு வாசல்ல நிக்குது. அது பாத்துச்சு, பயந்துச்சு, பாத்துச்சு... தத்தித் தத்திப் பறந்து, நேரா இந்த ஜன்னலுக்கு வந்து, கோலத்தைப் பாத்ததும் சுத்திக்கிட்டு மரத்துக்குப் போயிடுச்சு. அதுக்குப் பின்னால இன்னொண்ணு. அதுவும் சுத்திக்கிட்டுத்தான் போச்சு.

கூடு காலி, கம்பி மறுபடி துணிக்கு வந்துச்சு. அன்னைக்கு மாரப்பன் காஞ்ச வேட்டி கட்டினான்.

ம்?

ம் சொல்லு கண்ணு.

...சரி, சரி. குருவி மரத்துக்குப் போச்சு, கோலம் காஞ்சு போச்சு, நம்ம கதையும் ஓஞ்சு போச்சு. தூங்கு.